கல்யாணம் ஞாயிற்றுக்கிழமைதான்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றைக்கு என்று கேட்டுவிட்டு, சொன்ன பதிலை நம்பி எந்தத் திட்டமும் போடக் கூடாது. யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். "ஞாயித்துக்கிழமைங்க" என்பார்கள். பத்திரிகையிலும் ஞாயிறு என்றுதான் அச்சாகியிருக்கும். ஆனால் சனிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிவதற்குள் பாதிக் கல்யாணம் நடந்து முடிந்திருக்கும். ஒரம்பரை என்று நாங்கள் சொல்லும் சொந்தபந்தம், விருந்து, சீர், சண்டை, சமாதானம் எல்லாமே சனிக்கிழமைதான். ஞாயிறு விடியற்காலை தாலி கட்டும்போது பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். இது எனக்குத் தெரியாதா? நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இந்த மண்டபங்களில் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். இருந்தும் மாட்டிக்கொண்டேன்.

அப்போது நான் இந்தியப் பெண்கள் கூடைப்பந்து அணியில் இருந்தேன். ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. எங்கள் பிரிவில் முதலில் வரும் ஒரே ஓர் அணிக்குத்தான் கோப்பையில் இடம். வெளிநாட்டில் நடந்த ஆட்டங்களில் ஒன்றில் தோற்றோம், மற்றதில் மூச்சு முட்ட ஜெயித்தோம். மிச்சமிருந்தது சென்னையில் ஒரே ஆட்டம். ஜெயித்தால் ஆசியக் கோப்பை, தோற்றால் அவரவர் வீடு.

எனக்கு அதோடு இன்னொன்றும் இருந்தது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கேம்ப் கேம்ப்பாகப் போய்வந்தவள். கடைசிப் பன்னிரண்டு பேரில் பெயர் வராமல், பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறித் திருப்பூர் ஸ்டேஷனில் வந்து இறங்கிய அவமானமெல்லாம் உண்டு. முப்பதை நெருங்கியபோதுதான் அணியில் நிலையாக ஓர் இடம் கிடைத்தது. முழங்கால் அதற்குள் முனக ஆரம்பித்திருந்தது. கோச் ஒளிவுமறைவில்லாத பெண்மணி. "இந்தச் சுற்றுதான் உனக்குக் கடைசி. ஜெயித்தால் கோப்பைக்கு உன்னைக் கூட்டிப்போவேன். அதற்கப்புறம் சின்னப் பெண்களுக்கு வழிவிடு" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். சரி என்றேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் கோப்பையில் ஆடிவிட்டால் போதும் என்றிருந்தது.

கேம்ப் இல்லாத நாளெல்லாம் வீரபாண்டியில் எங்கள் பனியன் கம்பெனியில் உட்கார்ந்து, துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு மெயில் அடித்துக்கொண்டிருப்பேன். அப்பாவும் அண்ணனும் கம்பெனியை நடத்தினார்கள். ஊரில் எனக்கு நெட்டச்சி என்று பெயர். கதவு நிலையில் இடித்துக்கொள்ளாமல் போ என்று சொல்லாத அத்தை கிடையாது. டீமிலோ நான்தான் குட்டை, மற்றவர்கள் என் தலைக்கு மேலே பேசிக்கொள்வார்கள். எங்கேயும் சரியான உயரத்தில் இல்லாத ஜென்மம் என்று நானே சொல்லிச் சிரிப்பேன்.

என் பிடிவாதத்தால் அண்ணனுக்கும் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. வயதுக்கு வந்த தங்கையை வீட்டில் வைத்துக்கொண்டு அண்ணனுக்கு முடிப்பதா என்பது எங்கள் சொந்தத்தின் கேள்வி. இந்தத் தகுதிச் சுற்று முடியாமல் எனக்கு மாப்பிள்ளை பார்க்கக் கூடாது என்று நான். தங்கச்சிக்கு முடியாமல் எனக்கு வேண்டாம் என்று அண்ணன். அவன் தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகுதான் அம்மா அழுது, அவனை வழிக்குக் கொண்டுவந்தார். வெள்ளகோவில் பக்கத்தில் பெண் அமைந்தது. நல்ல பெண், நல்ல குடும்பம்.

தேதி குறிக்க உட்கார்ந்தபோது அப்பா முதலில் கேட்டது என்னைத்தான்.

"உன்ற மேட்ச் என்னிக்குங் கண்ணு?"

"சனிக்கிழமைங்ப்பா."

"அப்ப ஞாயித்துக்கிழமை முகூர்த்தம் வெச்சுக்கலாம். அன்னிக்கு உனக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லீங்ப்பா. ராத்திரியே கெளம்புனா வெடியால வந்தர்லாம்."

எல்லோருக்கும் பரம சந்தோஷம். பெண்ணுக்காகத் தேதி பார்க்கிற அப்பா யாருக்கு வாய்ப்பார் என்று டீம் வாட்ஸப் குழுவில் பீற்றிக்கூடக் கொண்டேன். மண்டபம் பிடித்தார்கள். பத்திரிகை அடித்து, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது.

அப்புறம் ஒருநாள் அத்தை ஜாக்கெட் அளவு எடுக்கக் கூப்பிட்டார். கையில் டேப்பை வைத்துக்கொண்டு, "இணைச்சீருக்கு என்ன கலர்ல சேலை எடுத்திருக்குது?" என்று கேட்டார்.

அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், அப்படியே வெளுத்துவிட்டது. அவர் வேண்டுமென்றே செய்தாரோ என்று கோபம் வரும்போதெல்லாம் நினைத்துப் பார்ப்பேன். இல்லை. அந்த முகத்தை நடிக்க முடியாது. மனிதர் தாலி கட்டும் நாளை மட்டுமே கணக்கில் வைத்திருந்தார். எல்லோரும் அப்படித்தான். நானும்தான்.

இணைச்சீர் என்பது எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தங்கைக்கோ அக்காவுக்கோ உரிய சீர். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே நடக்கும். கூறைச் சேலையின் ஒரு முனையை அண்ணன் பிடித்துக்கொள்ள, மறு முனையைத் தங்கை பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பாள். மூங்கில் பேழையைத் தலையில் வைத்துச் சுற்றி வருவாள். புதிதாக ஒருத்தி வீட்டுக்கு வந்தாலும் பிறந்தவளுக்கு இங்கே பாத்தியதை போகாது என்று சபை நடுவே சொல்வதுதான் அதன் அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மேட்ச் சனிக்கிழமை மாலை ஆறரைக்குச் சென்னையில். என் பாத்தியதை அதே சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு வெள்ளகோவிலில்.

கூடப்பிறந்தவள் இல்லாத வீட்டில் பங்காளி மகள் உட்காருவாள். எங்கள் பெரியப்பா மகள் இருந்தாள். அவளை உட்கார வைத்துவிடலாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். சொல்லிவிட்டு ஒவ்வொருவர் வாயாகப் பார்த்தேன்.

வேண்டாம் என்று ஒரு ஆள் சொல்லியிருந்தால் போதும். நான் சண்டைக்காரி. கத்தி, அழுது, சாப்பிடாமல் கிடந்து, பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். எங்கள் ஆட்களுக்குத்தான் வேண்டாம் என்று சொல்லவே தெரியாதே! அப்பா, "உன்ற இஷ்டம் கண்ணு. நாட்டுக்கு ஆடறது லேசுப்பட்ட காரியமா?" என்றார். சொல்லிவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா, "போயிட்டு வா சாமி, இங்க எப்படியோ சமாளிச்சுக்கறோம்" என்று சொல்லிக்கொண்டே எனக்கு எடுத்த பட்டுச் சேலையைப் பீரோவிலிருந்து எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தார். பெண்ணின் அம்மா போனில் கூப்பிட்டு, "எங்களுக்கு ஒரு சங்கடமும் இல்லீங்க. நம்ம பக்கத்துச் சனங்கதான், தங்கச்சி இருந்தும் ஏனுங்க வரலைன்னு கேப்பாங்க. நாங்க ஏதாச்சும் சொல்லிக்கறோமுங்க" என்றார். அத்தனை ‘ங்க’வும் ஒவ்வொன்றாக என் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

சடங்கை நடத்திவைக்கிற அருமைக்காரர் வீட்டுக்கு நானே போனேன். விடியற்காலைக்கு மாற்றிவைக்க முடியுமா என்று கேட்டேன். வயதானவர், எழுந்து நின்று என்னை வரவேற்றார்.

"முகூர்த்தம் நாலரைக்குங் கண்ணு. அதுக்கு முந்தி கங்கணம், அது இதுன்னு ஏகப்பட்டது கெடக்குது. நேரம் பத்தாதுங்."

"அப்ப பெரியப்பா புள்ள உக்காந்தாச் செல்லுங்களா?"

"செல்லாம என்னுங். தாராளமாச் செல்லும்." கொஞ்ச நேரம் வெற்றிலையைத் தடவிக்கொண்டிருந்தார். "தங்கச்சி உசுரோட இருக்கறப்ப இன்னொரு புள்ள வந்து உக்காந்தா, அந்த ஊட்டுல அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஆகலைன்னு சனம் பேசும். பேசட்டும், நமக்கென்னுங். மோர் குடிக்கறீங்களா?"

மோர் குடித்துவிட்டுத்தான் வந்தேன். என்ன செய்ய?

பெரியப்பா மகளோ கேட்ட அன்றே சரி என்றுவிட்டாள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாகிவிட்டதா என்று மறுநாள் மெசேஜ் அனுப்பினாள். எனக்கு எரிச்சலான எரிச்சல். உட்காரச் சொன்னதும் நான், உட்காருகிறேன் என்றவள்மேல் கோபப்படுவதும் நான். எனக்கே என்னைப் பார்த்தால் பிடிக்கவில்லை.

மிச்சமிருந்தது அண்ணன் ஒருவன். அத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை. சின்ன வயதில் விடிகாலைப் பிராக்டீஸுக்கு என்னை வண்டியில் கொண்டுபோய் விட்டு, கிரவுண்டு ஓரத்தில் வண்டிமேலேயே தூங்கிவழிந்தவன் அவன். அவன் போ என்றால் உலகமே போ என்ற மாதிரி எனக்கு. மதியச் சாப்பாட்டு நேரம், கம்பெனியில் மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. வேலைக்கு இருந்த வடக்கத்திப் பையன்கள் வெளியே ஹிந்திப் பாட்டுப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செக்கிங் டேபிளில் தனியாக உட்கார்ந்து பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவன் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணா, நீங்களாவது சொல்லுங்க. போன்னு சொல்லுங்க, இல்ல இருன்னு சொல்லுங்க. இப்படி எல்லாருமாச் சேந்து என்னைக் கொல்லாதீங்க."

"போ பாப்பா" என்றான்.

அப்பாடா என்றிருந்தது! அழுகையே வந்துவிட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் பனியனைப் பார்த்தபடியே மேலே சொன்னான்.

"பெரியப்பம் புள்ள கூட எல்லாம் நான் உக்கார மாட்டேன். அது என்ற தங்கச்சிக்குச் செய்யற சீரு. நீ வரலைன்னா அந்தச் சீரே வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

"யாருகிட்ட?"

"அப்பாகிட்ட. பொண்ணூட்லயும் நேத்துக் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"இணைச்சீர் இல்லாம எப்படிங்கன்னாங்க. பெரியவங்க கூடிப் பேசிட்டுச் சொல்றமுன்னாங்க." அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அவங்க என்ன வேண்ணாச் சொல்லட்டும். நீ போய் ஆடு."

எனக்குக் கொடுக்க அவனிடம் இருந்த எல்லாவற்றையும் கொடுத்துவிட்ட முகம் அது. அம்மா எத்தனை அழுகைக்குப் பிறகு கொண்டுவந்த சம்பந்தம்! நான் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிற நேரத்தில் அங்கே ஒரு கல்யாணம் நின்றுபோயிருக்கும். இவன் அதற்கும் சரி என்பான். வாழ்நாள் முழுக்க என்னை ஒரு வார்த்தை கேட்கவும் மாட்டான்.

கோபத்தில் மரியாதையெல்லாம் போய்விட்டது. "உனக்கு அறிவிருக்கா? யாரு உன்னைச் சொல்லச் சொன்னா?" என்று கத்திவிட்டு, டேபிளில் அடுக்கியிருந்ததையெல்லாம் தரையில் தள்ளினேன். வெளியே பாட்டை நிறுத்திவிட்டார்கள். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். அத்தனை பேரும் தள்ளி நின்று என்னைக் கட்டிப்போடப் பார்த்தார்கள், அவிழ்த்துக்கொள்ள எனக்குத் தெம்பிருந்தது. என் பக்கம் வந்து நின்றவன்தான் கடைசி முடிச்சைப் போட்டான். அவனிடமிருந்து எப்படி ஓடுவது?

அன்றைக்கே கோச்சைக் கூப்பிட்டேன். திட்டுவார், நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவரும் மரியாதையாகவே பேசினார். எனக்கென்று வாய்த்தவர்கள் எல்லோரும் அப்படி. அண்ணன் கல்யாணம் ஒருமுறைதான் வரும், புரிகிறது என்றார். உனக்குப் பதிலாக ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிறேன், ஜெயித்தால் கோப்பைக்கும் அவளே தொடரட்டும், இனிமேல் மாற்றினால் சரிவராது என்றார். சரிங்க மேடம் என்றேன். வாழ்த்துகள் சொல்லச் சொன்னார். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் கேவிக் கேவி அழுதேன்.

வீட்டில் நான் இருக்கிறேன் என்று சொன்னதும் யாரும் துள்ளிக் குதிக்கவில்லை. "உனக்கு எது இஷ்டமோ அதுதான் கண்ணு எங்களுக்கும்" என்றார் அப்பா. அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். அண்ணன் மட்டும் கேட்டான், "மேட்ச்சு என்னாச்சு?" என்று. மேடமே முந்திக்கொண்டு வேறு ஆளைப் போட்டுவிட்டார் என்று பொய் சொன்னேன். நம்பினானா தெரியாது.

சனிக்கிழமை மண்டபத்தில் கூட்டமான கூட்டம். மேடைக்குப் பின்னால் சுவர் அளவுக்கு எல்.ஈ.டி. திரை, மாப்பிள்ளை பெண் போட்டோக்கள் ஓடுவதற்காக வைத்தது. எங்கள் மாமா ஒருவருக்கு மூளை வேலை செய்தது. நம் வீட்டுப் பிள்ளையின் டீம் ஆடுகிறது, ஒரம்பரை எல்லாம் பார்க்கட்டும் என்று, போட்டோவை நிறுத்திவிட்டு மேட்ச்சைப் போட்டுவிட்டார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் செய்ததுதான். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

திரை என் முதுகுக்குப் பின்னால். நான் அண்ணன் பக்கத்தில், முழங்கை வரை வளையலும் தலைகொள்ளாத பூவுமாக, சேலை முனையைப் பிடித்துக்கொண்டு சபையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். லேசாகத் தலையைத் திருப்பினாலும் போட்டோக்காரர், "சிஸ்டர், கேமராவப் பாருங்க" என்றார். நாதஸ்வரத்தில் கமென்டரி ஒரு சொல் கேட்கவில்லை. எதிரே இருந்த முகங்களை வைத்துத்தான் ஆட்டத்தைப் பார்த்தேன். பந்தைக் கூடையில் போட வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனிதர்கள். ஒரே சமயத்தில் வாயைப் பிளந்தார்கள், ச்சே என்று தொடையில் அடித்துக்கொண்டார்கள். யார் போட்டது, யார் விட்டது? ஒன்றும் தெரியவில்லை. என் கால் சேலைக்குள்ளே தானாக அசைந்துகொண்டிருந்தது.

"கோவமா பாப்பா?" என்று அண்ணன் உதடு அசையாமல் கேட்டான்.

"ஆமா" என்றேன்.

அவன் தலையாட்டினான்.

எட்டு மணி தாண்டிய பிறகுதான் அருமைக்காரர் என்னை எழுப்பி, பேழையைத் தலையில் வைத்தார். அண்ணனைச் சுற்றி மூன்று சுற்று. திரும்பும்போது மட்டும் திரை கண்ணில் பட்டது. முதல் சுற்றில் டைம் அவுட், கோச் பலகையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மிச்சமிருந்தது கடைசி நிமிடம், நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால். என் நடை நின்றுபோனது. "நட கண்ணு, நட" என்று அத்தை முதுகில் கைவைத்துத் தள்ளினார். இரண்டாம் சுற்றில் பார்த்தபோது எங்கள் பெண் ஒருத்தி ஃப்ரீ த்ரோ போட நின்றிருந்தாள். எனக்குப் பதிலாக வந்தவள். சின்ன முகம், பந்தைத் தட்டித் தட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு ஷாட், இரண்டும் விழுந்தால் முந்திவிடுவோம். போடு என்று வேண்டினேன். விட்டுவிடு என்றும் ஒரு பாழாய்ப்போன மனசு சொன்னது. அதற்குள் திரைக்கு முதுகு காட்டும் பக்கம் வந்துவிட்டேன். தலையில் பேழை, பின்னால் அத்தை, முன்னால் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மண்டபம் முழுக்க முகங்கள்.

முகங்கள் மலர்ந்தன. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மலர்ந்தன. மூன்றாவது சுற்று முடியுமுன் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நாதஸ்வரக்காரர் என்னவோ ஏதோவென்று வாசிப்பை நிறுத்திவிட்டார். ஆளாளுக்கு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "உங்க புள்ள டீமு ஜெயிச்சுப்போட்டுதுங்க!" அப்பா எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு நின்றார். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் சந்தோஷப்பட்டேன். வயிறும் எரிந்தது.

பேழையை இறக்கிவைத்துவிட்டு மறுபடியும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சேலை முனையைப் பிடித்துக்கொண்டேன். பெண் வீட்டுப் பெரியம்மா ஒருவர் மேடைக்கு வந்து எனக்குத் திருநீறு பூசி, கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். பின்னாலிருந்த திரையை அண்ணாந்து பார்த்தார். ஜெயித்த பெண்கள் எல்லோரும் நடு மைதானத்தில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீயும் இந்த டீமுதானாமா, உங்கப்பா சொன்னாரு" என்றார். "இதுல நீ எதுங் கண்ணு?"

போட்டோக்காரர் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று நானும் முழுதாகத் திரும்பி, அந்தக் கும்பலில் என்னைத் தேடினேன்.

"இதுல நான் இல்லீங்க" என்றேன்.

"அப்படியா சாமி" என்றார். "சரி, சாப்பிட வா, பந்தி போட்டாச்சு."